நஸீர் நம்பிய கிளைமாக்ஸ்

அந்தப் படத்தை எடுத்த டைரக்டர் ஒரு குடும்பத்தைக் கெடுக்கப் பார்த்தார்.

மழுப்பாமல் சொல்கிறேன். கெடுக்கப் பார்த்தார். கெடவில்லை என்பது வேறு விஷயம், அதற்கு அவர் காரணமும் இல்லை. அதனால்தான் இந்த வாரம் கோபத்தோடும், கோபத்தைவிடப் பெரிய நிம்மதியோடும் எழுதுகிறேன். இரண்டும் சேர்ந்தால் என் கையெழுத்து இன்னும் மோசமாகிறது. டைப் அடிக்கிற தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படத்தின் பெயரைப் போட ஆசிரியர் விடவில்லை. "கேஸ் வரும்மா" என்கிறார். வரட்டுமே... சரி, போடவில்லை. மலையாளத்தில் வந்து, தமிழில் ரீமேக் ஆகி, இப்போது ஓடிக்கொண்டிருக்கிற படம். பார்த்தவர்களுக்குப் புரியும். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள்.

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில், ரீமேக் படம் என்பது நேற்று வைத்த சாம்பாரில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைப்பது என்று எழுதியிருந்தேன். திருவையாற்றிலிருந்து ஒரு வாசகர் சண்டைக்கு வந்துவிட்டார். "பார்க்காமலே திட்டுகிறீர்கள். இரண்டையும் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்."

நியாயம்தானே? பார்த்தேன். கோடையில் எங்கள் உரக்கடையில் என்ன வேலை? ஆற்றில் தண்ணீர் வந்து நாற்றங்கால் போடும்வரை ஈ ஓட்டுவதுதான். கல்லாவில் உட்கார்ந்து போனில் படமாகப் பார்த்துத் தள்ளினேன். ஒரிஜினல் ஒன்று, ரீமேக் ஒன்று என்று ஜோடி ஜோடியாக.

ஒரு தெலுங்குப் போலீஸ் கதை. தமிழில் அப்படியே இருக்கிறது. வில்லன் தும்முகிற இடம்கூட மாறவில்லை. எண்ணெய்த் தாளை மேலே வைத்து வரைந்த மாதிரி. எதற்கு எடுத்தார்கள்? தெரியவில்லை.

ஒரு இந்திப் படம். அதில் மாமனார் பேசவே மாட்டார். மருமகள் டீ கொண்டுவந்து வைப்பாள், இவர் டம்ளரைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதிலேயே எல்லாம் புரிந்துவிடும். தமிழில் அதே மாமனார் டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு தேயிலையையும் வாழ்க்கையையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் பேசுகிறார். டீ ஆறிப்போயிருக்கும். எனக்கே ஆறிப்போயிற்று.

பொய் சொல்லக்கூடாது, ஒரு கன்னடப் படத்தின் ரீமேக் ஒரிஜினலைவிட நன்றாக இருந்தது. அதில் இரண்டு ஓரகத்திகள் ஊமைச் சண்டை போடுவார்கள். தமிழில் வாய்விட்டுப் போட்டார்கள். எங்கள் ஊர்க்காரிகள் போலவே போட்டார்கள். திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு வருத்தம்.

இப்படிப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் நஸீர் கடைக்குள் வந்தான்.

நஸீரும் ஷமீமாவும் எங்கள் தெருக்காரர்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதட்டுமா என்று ஷமீமாவிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா, என்னைக் குண்டுன்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள். எழுதவில்லை.

நஸீர் சவுதியில் மெக்கானிக். மண் அள்ளும் இயந்திரங்களைப் பிரித்து மாட்டுகிற வேலை. போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவான். பெண்டாட்டியிடம் நேரில் பேசியதைவிட போனில் பேசியதுதான் அதிகம். மகள் ரிபா காலேஜ் படிக்கிறாள். அவள் தவழ்ந்ததையும் நடந்ததையும் போட்டோவில் பார்த்தவன்.

"அக்கா, உங்க பக்கத்துக் கடை காலியாத்தானே இருக்கு?" என்றான்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். அறுவடை மிஷின் பட்டறை போடலாம்னு. ஒரு பெல்ட் அறுந்தா சேலம் பக்கத்து ஆத்தூர்லேர்ந்து ஆள் வரணும். அதுக்குள்ள கதிர் சாஞ்சிடுது. நான் இங்கேயே இருந்தா..."

"இங்கேயே இருந்தான்னா? லீவு முடிஞ்சா நீ போகணுமே?"

அவன் வாசலைப் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் சொன்னான். "போகலக்கா. போறதா இல்ல."

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. "ஷமீமா என்ன சொன்னா?"

"இன்னும் சொல்லல."

"ஏண்டா?"

"போங்கன்னு சொல்லிட்டான்னா?"

இதைக் கேட்டதும் திட்ட வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். ஆள் நிஜமாகவே பயந்துபோயிருந்தான். அவன் சொன்னது இதுதான். வந்த முதல் வாரம் ராஜ உபசாரம். இரண்டாவது வாரம் எந்த டப்பாவில் சீனி இருக்கிறது என்று கேட்டால், 'நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்' என்கிறார்கள். வீட்டில் எல்லாம் அவன் இல்லாமலே நடந்து பழகிவிட்டது. கரண்ட் பில் அவளே கட்டுகிறாள். மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவளே ஆட்டோ பிடிக்கிறாள். "அந்த வீட்டுல நான் விருந்தாளிக்கா. விருந்தாளி வந்து, இனிமே இங்கதான் இருக்கப்போறேன்னு சொன்னா வீட்டுக்காரங்களுக்கு எப்படி இருக்கும்?"

"நான் வேணா சொல்லட்டுமா?"

"ஐயோ அக்கா! உங்க வாய் வேணாம்."

பிறகு அவன் திட்டத்தைச் சொன்னான். திட்டம் என்றால் திட்டம்... கவர்ன்மென்ட் தோற்றுவிடும்.

சவுதியில் அவன் ரூமில் இருந்த மலையாளிகளோடு உட்கார்ந்து ஒரு படம் பார்த்திருக்கிறான். அவனைப் போலவே வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒருவனின் கதை. ரூமே அழுததாம். என் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தான், பார்த்தேன். நல்ல படம். கிளைமாக்ஸில் ஹீரோ லீவு முடிந்து கிளம்ப வேண்டும். வாசலில் கார் நிற்கிறது. பெட்டி கட்டியாயிற்று. மனைவி அந்தப் பெட்டியைத் திறக்கிறாள், மடித்து வைத்த சட்டைகளை அள்ளுகிறாள், கிணற்றடிக்குக் கொண்டுபோய் வாளித் தண்ணீரில் முக்குகிறாள். "எல்லாத்தையும் நனைச்சிட்டேன்" என்கிறாள். அவ்வளவுதான் வசனம். கார்க்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். படம் முடிந்தது.

அந்தப் படம்தான் தமிழில் வந்திருக்கிறது. நஸீர் ஷமீமாவையும் ரிபாவையும் கூட்டிப்போய் அதைக் காட்டப்போகிறான். கிளைமாக்ஸ் முடிந்து லைட் போட்டதும் ஷமீமாவின் முகத்தைப் பார்ப்பான். அழுதிருந்தால் விஷயத்தைச் சொல்வான். கொட்டாவி விட்டால், சத்தமில்லாமல் சவுதிக்குப் போய்விடுவான்.

இருபது வருட வாழ்க்கையை ஒரு கிளைமாக்ஸை நம்பி வைத்திருக்கிறான்!

"ரீமேக்கை நம்பாதேடா. என்னத்தையாவது மாத்தியிருப்பானுங்க" என்றேன்.

"கதையை வாங்கித்தானேக்கா எடுத்திருக்காங்க? மாட்டை வாங்கினா வாலும் சேர்ந்துதானே வரும்?"

என்னையும் வரச் சொன்னான். தைரியத்துக்காம். கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

படம் கும்பகோணத்திலும் ஓடுகிறது. ஆனால் நஸீர் தஞ்சாவூருக்குத்தான் கார் பேசியிருந்தான். எங்கள் ஊர் நன்னிலத்திலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை அவன் ஒருத்தன்தான் பேசிக்கொண்டு வந்தான். மிஷின் டயர், மழை, பாபநாசத்தில் டீ என்று தொடர்பில்லாமல் எதையெதையோ. ஷமீமா ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பியவள்தான். கார் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மதியக் காட்சி. சுமாரான கூட்டம்.

படம் ஆரம்பித்தது. 'தஞ்சாவூர்' என்று எழுத்துப் போட்டு, மேலிருந்து பெரிய கோயிலைக் காட்டினார்கள். தியேட்டரில் விசில். அடுத்த ஷாட்டில் ஹீரோவின் வயல். வயலுக்குப் பின்னால் நீலமாக மலை.

மலை!

பக்கத்து வல்லத்துக்காரன் போலிருக்கிறது, முன் வரிசையில் ஒருவன் கத்தினான். "டேய் மாப்ள, வல்லத்துல எப்படா மலை முளைச்சுச்சு?" இன்னொருவன், "காலைல பால் வாங்கப் போனப்ப இல்லடா!" தியேட்டரே சிரித்தது.

அது போகட்டும். நடவுப் பாட்டு ஒன்று. பெண்கள் வரிசையாக நடுகிறார்கள். எப்படி? முன்னால் நடந்துகொண்டே! நாற்று நடுகிறவர்கள் பின்னால்தான் போவார்கள் ஐயா. முன்னால் போனால் நட்டதை மிதிப்பீர்கள். இந்த அம்மாக்கள் பாட்டு முழுக்க நட்டு நட்டு மிதித்தார்கள். சென்னையிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு வழியில் ஒரு வயல்கூடவா கண்ணில் படவில்லை?

ஆனாலும் இடைவேளை வரை கதை அதே கதைதான். நஸீர் பாப்கார்ன் வாங்கிவந்து என் காதருகே, "பாத்தீங்களா, அப்படியே எடுத்திருக்கான்" என்றான். அவன் முகத்தில் ஒரு நம்பிக்கை.

கிளைமாக்ஸ் வந்தது. வாசலில் கார். கட்டிய பெட்டி. நஸீர் சீட் நுனிக்கு வந்துவிட்டான்.

மனைவி வந்தாள். பெட்டியைத் திறந்தாள். சட்டைகளை எடுத்தாள்.

எடுத்து... அயர்ன் பண்ணினாள்.

நான் பொய் சொல்லவில்லை. அயர்ன் பண்ணி, அழகாக மடித்து, திரும்பப் பெட்டியில் வைத்து மூடினாள். உடனே ஏர்போர்ட். ஸ்லோ மோஷனில் ஹீரோ. பின்னால் கோரஸ். குடும்பமே வரிசையாக நின்று சிரித்துக்கொண்டே கைகாட்டுகிறது. மனைவியின் கண்ணில் ஒரே ஒரு சொட்டு, அதுவும் கன்னத்தில் இறங்காமல் நிற்கிறது. விமானம் மேலே போனதும், தியாகிகளுக்கு இந்தப் படம் சமர்ப்பணம் என்று எழுத்து.

லைட் போட்டார்கள். நஸீர் ஷமீமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எலெக்ட்ரிக் ஷாக் அடித்தவன் மாதிரி.

ஷமீமா எழுந்தாள். புர்காவைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியே போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம். பைக்குகளை எல்லோரும் ஒரே நேரத்தில் உருவிக்கொண்டிருந்த இடத்தில் நின்று, அவள் திரும்பினாள்.

"என்னைக்குப் பயணம்?"

நஸீர் முழித்தான். "என்ன பயணம்?"

"நடிக்காதீங்க மச்சான். தஞ்சாவூரு, படம், அடுத்தது பிரியாணி. ஒவ்வொரு சபருக்கும் இதுதானே நடக்குது? தேதியச் சொல்லிட்டுக் கூட்டிட்டு வருவீங்க. இந்தத் தடவை அதையும் சொல்லல."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. வெளிநாடு போவதை அவர்கள் வீடுகளில் சபர் என்பார்கள். கிளம்புகிறவர் சொந்தபந்தம் எல்லோர் வீட்டுக்கும் நேரில் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வர வேண்டும். அப்படி எல்லோரிடமும் சொல்லி முடித்த பிறகு, கடைசியாகத் தன் வீட்டு ஆட்களைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போவது நஸீர் தானே உண்டாக்கிக்கொண்ட வழக்கம். இவன் 'படத்துக்குப் போவோம்' என்று வாயைத் திறந்த அன்றைக்கே அவள் இறால் வாங்கி ஊறுகாய் போட்டு, கருவாட்டை வறுத்துப் பொடி பண்ணி டப்பாவில் அடைத்துவிட்டாள். பயணச் சாமான். இந்த மடையனுக்கு அது உறைக்கவே இல்லை. ஊறுகாய் நன்றாக இருக்கிறது என்று வழித்து வழித்துத் தின்றிருக்கிறான்!

ஷமீமா விடவில்லை. "படத்தையும் பாத்துப் பொறுக்கித்தானே கூட்டிட்டு வந்திருக்கீங்க? போறவரு பெரிய தியாகி. பொண்டாட்டி அயர்ன் பண்ணிக் குடுத்துட்டு சிரிச்சுக்கிட்டே கைகாட்டணும். அதைப் பாத்துக் கத்துக்கன்னு சொல்றீங்க. அதானே? எனக்குக் கைகாட்டிக் கைகாட்டிக் கை செத்துப்போச்சு மச்சான்."

பைக் எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் நின்றார்கள். உள்ளே ஓடியதைவிட இது நல்ல படமாக இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

நான் பொறுமைசாலி இல்லை. "டேய், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

"நான் போகல" என்றான்.

"என்ன?"

"போகல ஷமீ. இனிமே போகவே மாட்டேன். அதைச் சொல்லத்தான் கூட்டிட்டு வந்தேன். இந்தப் படம் இப்படி முடியாது. மலையாளத்துல அவன் இருந்துடுவான். சட்டையெல்லாம் அவ நனைச்சிடுவா."

ரிபா தலையில் அடித்துக்கொண்டாள். "அத்தா! ரீமேக்னா மாத்துவாங்க அத்தா. வர்றதுக்கு முன்னாடி ஒரு ரிவ்யூ பாக்க மாட்டீங்களா?"

"ரிவ்யூ பாத்தா கதை தெரிஞ்சிடுமேன்னு..."

"கதைதான் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே!"

பக்கத்தில் ஹெல்மெட்டோடு நின்ற ஒரு ஆள் சிரித்துவிட்டார். நான் பார்த்த பார்வையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஷமீமா மட்டும் சிரிக்கவில்லை. "இதை வீட்டுல சொன்னா வாய் கோணிக்குமா?"

"நீ போங்கன்னு சொல்லிட்டேன்னா என்ன பண்றதுன்னு..."

"என்னைக்காவது போங்கன்னு சொல்லியிருக்கேனா?"

"இருங்கன்னும் சொன்னதில்லையே."

அவள் குரல் இறங்கிவிட்டது. "சொன்னா நீங்க இருந்துடுவீங்க. இருந்துட்டு, நாளைக்கு ஒரு கஷ்டம்னா, இவ பேச்சைக் கேட்டுத்தானே இருந்தேன்னு நெனைப்பீங்க. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவையும்."

"நெனைக்க மாட்டேன்."

"நெனைச்சா?"

"அக்கா சாட்சி" என்று என்னைக் காட்டினான்.

"அக்காவே சண்டைக்காரி. அவங்க சாட்சியா?" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து மூக்கு ஒழுகியது. ரிபா கைக்குட்டை கொடுத்தாள். "போட்ட ஊறுகாயை நம்மளே தின்னுத் தொலைப்போம். வேற என்ன பண்றது? ஊர்ல எவனாவது ஏன் போகலன்னு கேட்டா எங்கிட்ட அனுப்புங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்."

நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். தூசி விழுந்துவிட்டது கண்ணில். பைக் ஸ்டாண்டில் தூசிக்கா பஞ்சம்?

பிரியாணி சாப்பிட்டோம். ஷமீமா இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டாள். திரும்பி வரும்போது காரில் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். நஸீர் அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டான். எத்தனை நாள் தூங்காத தூக்கமோ. எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு உர மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

இதைக் கேட்ட என் வீட்டுக்காரர் ஒரு பாயிண்ட் பிடித்தார். "அப்படின்னா ரீமேக்தானே நல்லது பண்ணியிருக்கு? ஒரிஜினல் மாதிரியே முடிஞ்சிருந்தா அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, நல்ல படம்னு சொல்லிட்டு வந்திருப்பா. இவன் மறுபடியும் முழிச்சிட்டு நின்னிருப்பான்."

இருக்கலாம். இருந்தாலும் டைரக்டருக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். பிரேக் பிடிக்காத பஸ் வைக்கோல் போரில் மோதி நின்றால், யாரும் சாகவில்லை என்று டிரைவருக்கு மாலையா போடுவோம்?

ஒரிஜினலை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை நான். மலையை வைத்துக்கொள்ளுங்கள், சிரித்துவிட்டுப் போகிறோம். ஓரகத்திகளைச் சண்டை போடவிட்டவர் மாதிரி, எங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றினால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் ஒரு கதையை விலை கொடுத்து வாங்கும்போது, அது எதனால் கதையாயிற்று என்று கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? புருஷன் போவதா இருப்பதா என்று மனைவி வாயைத் திறந்து சொன்னாள். அதனால்தான் அது கதை. அந்த வாயை மூடிவிட்டால் மிச்சம் என்ன? ஏர்போர்ட் விளம்பரம்.

எங்கள் பக்கத்தில் தெருவுக்குப் பத்து வீடு இப்படி இருக்கிறது. நஸீர் மாதிரி எத்தனை பேர் இந்தப் படத்துக்கு வீட்டோடு போனார்களோ! அவர்கள் வீட்டிலெல்லாம் பைக் ஸ்டாண்டில் நின்று சண்டை போடுகிற ஷமீமா இருப்பாளா? பேசாமல் வீட்டுக்குத் திரும்பிப்போய் அயர்ன் பெட்டியைச் சூடு பண்ணியிருந்தால்?

டைரக்டர் சார், ஒரே ஒரு கேள்வி. உங்கள் படத்தின் கடைசி அரை மணி நேரத்தில் அந்த மனைவிக்கு ஒரு வசனம்கூட இல்லை. எழுதவே இல்லையா, எழுதி வெட்டினீர்களா? வெட்டச் சொன்னது யார்? வெட்டுவதற்கு முன்னால், வெளிநாட்டில் புருஷனை வைத்திருக்கிற ஒரு பெண்ணிடமாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? போனில் கூப்பிட்டு எனக்கு விளக்கம் தர வேண்டாம். இந்தப் பக்கத்தில் பாதியை உங்களுக்கு ஒதுக்க ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பெயர் போட்டு, ஊர் முழுக்கப் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள்.